அப்பாவின் தண்ணீர்த் தடை

எங்கள் வீட்டில் 2009 கோடை முழுக்கத் தடைதான். தவக்காலம் என்று அம்மா கறிச்சட்டியைப் பரணில் ஏற்றினாள். ஈஸ்டருக்கு அதை இறக்கி, பிரியாணி தின்ற கை காய்வதற்குள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. கடலூர் துறைமுகத்தில் போட்டைக் கட்டிப்போட்டுவிட்டு, அம்மாவின் அண்ணன், என் மாமா, எங்கள் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடை அப்பாவுக்கு. சிறுநீரகம் கெட்டுப்போய், சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். தண்ணீரைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். காலையில் அம்மா ஒரு சோடா பாட்டிலில் ஊற்றி வைப்பதுதான் அன்றைய தண்ணீர். காபியும் அதற்குள் அடக்கம். மத்தியான வெயிலில் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாய்க்குள் போன தண்ணீரை எதற்குத் துப்புகிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

கறிக்கும் மீனுக்கும் முடிவு நாள் இருக்கும்போது தண்ணீருக்கும் இருக்கத்தானே வேண்டும்? மாமாவிடம் கேட்டேன். அவருக்குக் கேலி இல்லாமல் பேசவே வராது.

"எங்க போட்டோட சேத்து உங்கப்பாவையும் அவுத்து வுட்டுருவாங்க, போ" என்றார். நான் நம்பிவிட்டேன்.

தடை முடிந்த அன்று காலையில், பங்குச் சாமியார் போட்டுகளுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். மாமா சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொள்ள வீட்டுக்கு வந்திருந்தார். நான் பானையிலிருந்து பெரிய சொம்பு நிறைய மொண்டு அப்பாவிடம் கொண்டுபோனேன்.

"தடை முடிஞ்சிடுச்சிப்பா. மாமா சொன்னாரு."

அப்பா சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு உதடு வரை கொண்டுபோனார். மாமா பதறி ஓரடி முன்னால் வந்தார். அப்பா சொம்பை என்னிடமே நீட்டினார்.

"எனக்கு இன்னும் முடியலம்மா. நீ குடி, நான் பாக்குறேன்."

மடக் மடக்கென்று குடித்தேன். அப்பா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கும் தாகத்தோடு தண்ணீர் குடிக்கும்போது அப்பாவின் ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திவிடுகிறேன்.

அன்று சாயங்கால ஜெபமாலையில் நெடுநேரம் முட்டி போட்டிருந்தேன். அப்பாவுடைய தடையைச் சீக்கிரம் முடித்துவிடு மாதாவே என்று வேண்டிக்கொண்டேன். அது எப்படி முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.