தொட்டியில் சொன்ன பெயர்

எஸ்தாக்கிக்குக் குரல்தான் சொத்து. கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளைப் படகில் ஏற்றும்போது எண்ணிக்கை கூவுவது அவர் வேலை. அவர் இந்தக் கரையில் கூவினால் அந்தக் கரையில் வலை உலர்த்துகிறவன் திரும்பிப் பார்ப்பான். அதே குரலில்தான் பங்குக் கோயிலில் ஜெபமாலையும் முன்னின்று சொல்லுவார். ஞானோபதேசக் கேள்வி பதில் முழுதும் அவருக்கு மனப்பாடம். நடுவில் எந்தக் கேள்வியைப் பிடித்துக் கேட்டாலும் பதில் தட்டாமல் வரும்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய புதிது. பங்குச்சாமியார் ராஜமாணிக்கம் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார்: "பிள்ளைங்களுக்கு ஞானோபதேசம் இருக்கு. நமக்கு? சின்ன வயசுல புதுநன்மை வாங்கின அன்னிக்கோட படிப்பு முடிஞ்சு போச்சு. இனிமே பூசைக்கப்புறம் பெரியவங்களுக்கும் வகுப்பு. நடத்துறது யாருன்னு நீங்களே சொல்லுங்க. சீட்டு எழுதச் சொன்னா பாதிப் பேருக்கு எழுத்து வராது. கை தூக்கச் சொன்னா மாமன் மச்சான் சண்டை வரும். அதனால சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருத்தரா வந்து எங்கிட்ட தனியாச் சொல்லுங்க."

எஸ்தாக்கிக்கு அன்று சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் ஜெபம் சொன்னதற்கு ஒரு பேர் கிடைக்கப்போகிறது. அவரை விட்டால் பங்கில் வேறு யார்?

"மீன் ஆறிப்போவுது, தின்னுங்க" என்றாள் மனைவி மதலேனாள்.

மதலேனாளுக்குப் பிறந்த ஊர் சிதம்பரம். அப்பா அங்கே பல்கலைக்கழக விடுதியில் சமையல்காரர். அந்தத் தெருவில் வேதக்காரர் என்று சொல்லப்படும் கிறிஸ்தவர் வீடு அவர்களுடையது ஒன்றுதான். கூடப் படித்த பெண்கள் 'உங்க சாமிக்குப் படையல் உண்டா, உங்க சாமிக்குக் கோபம் வருமா' என்று துளைத்தெடுப்பார்கள். தெரிந்தால் சொல்லுவாள். தெரியாவிட்டால் "கேட்டுச் சொல்றேன்" என்பாள். அந்தப் பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை. வீடுகளில் ஜெபமாலை சொல்லி முடிந்ததும் ஆண்கள் முற்றத்தில் காப்பி குடித்துக்கொண்டிருக்க, பெண்கள் அடுப்பங்கரையில் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அங்கே நடப்பது சமையல் பேச்சு என்றே எஸ்தாக்கி நினைத்திருந்தார்.

சனிக்கிழமை வந்தது. சாமியார் சாமான் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் சனம் முழுதும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு, பாவங்களைச் சொல்லுகிற மரக்கூண்டுக்கு, முன்னால் வரிசை கட்டி நிற்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் தனியாகப் பேசுவது என்றால் அவர்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். எங்கே சொன்னால் என்ன என்று சாமியாரும் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தார்.

அதுதான் தப்பாகப் போயிற்று. முட்டி போட்டதும் வாய் பழக்கத்துக்கு ஓடிவிட்டது. "பாவியாயிருக்கிற என்னை ஆசீர்வதியும் சாமி" என்று ஆரம்பித்து, மருமகளைத் திட்டியது, வெள்ளிக்கிழமை கறி தின்றது எல்லாம் சொல்லி, கடைசியில்தான் பெயரைச் சொன்னார்கள். எஸ்தாக்கியும் அப்படித்தான். அவர் சொன்னது தன் பெயரை. சொல்லிவிட்டு, அதையும் ஒரு பாவமாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் பூசையில் சாமியார் முகம் வாடியிருந்தது. "தப்பு என்னுதுதான். தொட்டியில சொன்னது தொட்டியோட. பாவசங்கீர்த்தனத்துல காதுல விழுந்ததை வெச்சு நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல எல்லாரும் வாயைத் திறந்தே சொல்லிடுங்க."

சனம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தது. எஸ்தாக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க ஏதாவது சாக்கில் சாமியார் பங்களாவுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அது அக்டோபர், ஜெபமாலை மாதம். தினம் ஒரு வீட்டில் ஜெபம் நடக்கும். புதன்கிழமை முறை சின்னம்மாள் வீட்டில். அவள் வீட்டுக்காரர் உப்பளத்தில் வேலை செய்கிறவர். மூன்று வருஷத்துக்கு முன் அவள் பெற்ற பிள்ளை ஞானஸ்நானம் கொடுக்குமுன் இறந்துபோயிற்று. கல்லறைச் சுவருக்கு வெளியேதான் புதைத்தார்கள். அந்த மாதமே ஜெபத்துக்கு வந்தவள் எல்லார் முன்னாலும் எஸ்தாக்கியைக் கேட்டாள்: "எம் புள்ள எங்க மாமா போயிருக்கும்?" எஸ்தாக்கி பதிலை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்: மோட்சமும் இல்லாத, நரகமும் இல்லாத ஒரு இடம், வேதனை கிடையாது, தேவதரிசனமும் கிடையாது. அதற்குப் பிறகு சின்னம்மாள் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. தெளிவாகச் சொன்னதால் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

அன்று ஜெபம் முடிந்து, சுண்டல் தின்ற கையைக் கழுவக் கொல்லைக்குப் போனார். அடுப்பங்கரைச் சன்னல் திறந்திருந்தது.

"நீயாச்சும் சொல்லுக்கா. அது எங்க இருக்கும்?" சின்னம்மாள் குரல்.

"தெரியலடி" என்றாள் மதலேனாள். "என் மூத்ததும் அப்படித்தானே போச்சு. சிதம்பரத்துல, பொறந்த அன்னிக்கே. அவசரத்துக்கு நாமளே ஞானஸ்நானத் தண்ணி ஊத்தணும்னு யாருக்கும் தோணல. எனக்கும் தெரியல. சாமியாரைக் கேக்கலாம். அவருக்கும் தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும். நீ அதுக்காக ஜெபம் பண்றதை மட்டும் உட்டுடாத. நான் உடல."

எஸ்தாக்கி சொம்போடு நின்றார். பிள்ளை பிறந்தபோது அவர் துறைமுகத்தில் இருந்தார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறகு மூன்று பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள். சின்னம்மாளுக்கு அவர் அந்தப் பதிலைக் கூவிய நாளில் மதலேனாளும் பின்னால் உட்கார்ந்து சுண்டல் மடித்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அது அவருக்கு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது, "தொண்டை கட்டிக்கிச்சா?" என்று மதலேனாள் கேட்டாள். "ஆமா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சாமியார் கேட்டதும் ஒருவர் ஆரம்பித்தார்: "எஸ்தாக்கி மாமாவே இருக்கட்டும்." "அவரே இருக்கட்டும்." "அவரே இருக்கட்டும்." பிரார்த்தனைக்கு எதிர்மொழி சொல்லுகிற மாதிரி வரிசையாக வந்தது. பத்து நாள் முன்னால் என்றால் காதில் தேன் பாய்ந்திருக்கும். எஸ்தாக்கி எழுந்தார்.

"என் பேரை எடுத்துடுங்க சாமி. மதலேனாள்னு போட்டுக்குங்க."

"எந்த மதலேனாள்?" என்றார் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர்.

"என் ஊட்டுக்காரிதான்."

சிரிப்பு எழுந்தது. "இன்னா மச்சான், ஊட்ல சோறு போடலியா?" என்று யாரோ கேட்டார்கள். கமிட்டிக்காரர் சிரிக்கவில்லை. "ஆம்பளைங்க உக்காந்திருக்க பொம்பள பாடம் நடத்துறதா? எந்த ஊர் வழக்கம் சாமி இது?"

"வேணான்னு சட்டம் ஒண்ணும் இல்லை" என்றார் சாமியார். தொட்டியில் கேட்டது எதுவும் தெரிந்துவிடாதபடி குரலைத் தட்டையாக வைத்துக்கொண்டார். "சனம் சொல்லட்டும்."

பிறகு பெண்கள் பக்கம் சின்னம்மாள் எழுந்து நின்றாள். பேசவில்லை, நின்றாள், அவ்வளவுதான். அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி, அப்புறம் ஒருத்தி. ஆண்கள் பக்கத்தில் முதலில் எழுந்தவர் சின்னம்மாளின் வீட்டுக்காரர். எழுந்தவர்களை யாரும் எண்ணவில்லை, எண்ணத் தேவைப்படவில்லை. கமிட்டிக்காரர் கடைசிவரை உட்கார்ந்தே இருந்தார். வகுப்புக்கும் அவர் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மதலேனாள் முக்காட்டை உதறி மடித்தாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஞாயித்துக்கிழமை உலை யாரு வெப்பா?"

"நான் வெக்கிறேன்."

"வெப்பீங்க. குழைச்சு வெப்பீங்க." அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்சம் கழித்து, "பாடத்தை நீங்க வாசிங்க. எனக்கு அவ்வளவு சத்தம் வராது. கேள்வின்னு வந்தா நீங்க குறுக்க வரக் கூடாது" என்றாள்.

அப்படியே நடந்தது. எஸ்தாக்கி வாசிப்பார். பிறகு கதவோரம் போய் உட்கார்ந்துகொள்வார். முதல் மாதம் அது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. பதில் நுனிநாக்கில் வந்து நிற்கும். வாயைத் திறப்பார், மதலேனாள் பார்ப்பாள், இருமிவிட்டு மூடிக்கொள்வார். முதல் கேள்வி சின்னம்மாளுடையது. அதற்குச் சாமியாரே வந்து உட்கார்ந்து, புத்தகத்தில் இருப்பதைச் சொல்லி, அதற்கு மேல் தனக்கும் தெரியாது, கடவுளின் இரக்கத்தை நம்புவதாகச் சொன்னார். சின்னம்மாள் தலையாட்டிக்கொண்டாள். அடுத்த வாரமும் வந்தாள்.

ஒரு ஞாயிறு, குழைந்த சோற்றைப் பரிமாறிக்கொண்டே மதலேனாள் கேட்டாள்: "அன்னிக்குத் தொட்டியில யார் பேரைச் சொன்னீங்க?"

"தொட்டியில சொன்னது தொட்டியோட."

"அது சாமியாருக்குத்தான். சொன்னவங்க சொல்லலாம்."

எஸ்தாக்கி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அப்ப உங்க பேருதான்" என்று சொல்லிவிட்டு அவள் ரசத்தை ஊற்றினாள்.