வெஸ்கா இல்லாத ஐந்து நாள்

பிளெவன் நகரத்தில் இருக்கும் எங்கள் மருந்துக் கம்பெனிக்கு அறுபத்து மூன்று கடைகள். ஒவ்வொரு கடையின் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஃப்ரிட்ஜும் தனக்கு என்ன நேர்ந்தாலும் ஒரு வரியில் சொல்லியனுப்பும். அத்தனை வரியும் வந்து விழுவது வெஸ்காவின் திரையில். பக்கத்து மேஜையில் போன் எடுப்பவள் நான். பதினோரு வருடமாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டைப் அடிக்க வேலைக்குச் சேர்ந்தவள் அவள்; மற்றதெல்லாம் தானே கற்றது. செவ்லியெவோ கடையிலிருந்து மதியம் ‘இணைப்பு இல்லை’ என்று வந்தால் அசையமாட்டாள். “கடைக்காரி டீக்குத் தண்ணி கொதிக்க வைக்க பிளக்கைப் புடுங்கியிருப்பா” என்பாள். லோவெச் கடை ஃப்ரிட்ஜுக்குக் கீல் தளர்ந்துவிட்டது. ‘கதவு திறந்தது’, ‘கதவு மூடியது’ என்று நாளுக்கு நாற்பது தடவை புலம்பும். திறந்தது வந்து மூடியது வராவிட்டால்தான் போனை எடுப்பாள். எல்லாவற்றையும் தொண்ணூறு பக்க நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள். யாரும் படிக்கவில்லை.

அவள் கணவன் ஸ்தாமென் நான்கு வருடமாக பூர்காஸ் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவான். இந்த ஆகஸ்டில் எங்கள் கம்பெனியின் பூர்காஸ் கிடங்கில் ஓர் இடம் காலியானது. வெஸ்கா மாற்றல் கேட்டாள். மேலாளர் கலோயன் நிபந்தனை போட்டார்.

“அஞ்சு நாள் வீட்ல இரு. கென்ச்சோ பாக்கட்டும். உன் உதவி இல்லாம அவன் ஓட்டிட்டான்னா வெள்ளிக்கிழமை கையெழுத்து. சரியா?”

கென்ச்சோ இங்குள்ள கிடங்கிலிருந்து வந்த ஐம்பது வயதுக்காரர், நல்ல மனுஷன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து எழும்போது சிவப்பில் நிற்கும் எல்லா வரியிலும் ‘பார்த்தாயிற்று’ என்று அழுத்தி, வெறும் திரையைத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அழுக்குக் கோப்பையைத் தொட்டியில் விட்டுப் போகாத மரியாதை மாதிரி. கென்ச்சோவுக்கு மரியாதை அதிகம். மணிக்கு ஒருமுறை துடைத்தார்.

“எப்படிம்மா இருக்கு? கழுவின தட்டு மாதிரி இல்ல?” என்று என்னைக் கேட்டார்.

முதல் மூன்று நாளும் திரையில் ஒரு சிவப்பு வரிகூட நிற்கவில்லை. கலோயன் வந்து வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். வியாழன் பகல், நல்ல செய்தி சொல்வோமே என்று வெஸ்காவுக்குப் போன் செய்தேன். குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“பெட்டியைக் கட்டுடி. மணிக்கு ஒரு தரம் சுத்தமா தொடைச்சிடறாரு மனுஷன்.”

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “மணிக்கு ஒரு தரமா? தொடைச்ச லிஸ்ட்ல லோவெச்சைப் பாரு.”

பார்த்தேன். பதினொன்று இருபதுக்குக் கதவு திறந்தது. அதற்குப் பிறகு ‘மூடியது’ வரவேயில்லை; பன்னிரண்டு மணித் துடைப்பில் அந்த வரியும் போயிருந்தது. மணி ஒன்று ஆகப்போகிறது. வெளியே முப்பத்தெட்டு டிகிரி.

“நீ பேசாம இரு, நாளைக்குக் கையெழுத்து” என்றேன்.

“உள்ள இன்சுலின் இருக்குடி.”

நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாள். லோவெச்சுக்கு அவளே போன் போட்டிருக்கிறாள். கதவு ஒரு விரல் அகலம் திறந்து கிடந்திருக்கிறது, மருந்து தப்பித்தது. அந்தக் கடைக்காரம்மா மெனக்கெட்டு நன்றி சொல்லக் கூப்பிட்டாள். என் போனுக்கு வந்திருந்தால் அங்கேயே புதைத்திருப்பேன். நேராகக் கலோயனுக்கு அடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வெஸ்கா வந்தாள். கலோயன் அவளை உட்காரவைத்து, தன் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

“நீயே சொல்லும்மா. உன்னை விட்டுட்டு நாங்க என்ன பண்றது?”

“நோட்டைப் படிங்க.”

“நோட்டு போன் பண்ணுமா?”

அவர் பாராட்டித்தான் சொன்னார்; மாற்றல் தாளில் கையெழுத்து விழவில்லை. கென்ச்சோ தலைகுனிந்து, “மன்னிச்சிடு வெஸ்கா, மரியாதைக்குத்தான் தொடைச்சேன்” என்றார். “தெரியும், விடு” என்றாள்.

பிறகு தாழ்வாரத்துக்குப் போய் ஸ்தாமெனைப் போனில் கூப்பிட்டாள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

“அங்க நமக்குப் பாத்து வெச்ச ரூமை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடு... இல்ல, கத்தலை. ஏன் கத்தணும்?... ஆமா, இந்தக் குளிருக்கும் நான் இங்கதான். விலை ஏறுறதுக்குள்ள விறகுக்குச் சொல்லு. மூணு வண்டி.”