பாதி வெட்டிய செடிகள்

எங்கள் வாசல் நிலைக்கு மேலே ஒரு கவ்வாத்துக் கத்தி செருகியிருக்கிறது. தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிடும் வளைந்த கத்தி. கதவைத் திறக்கும்போதெல்லாம் தலையில் விழுந்துவிடுமோ என்று பயப்படுவேன். எனக்கு எதற்குத்தான் பயமில்லை? மழை பெய்தால் மண் சரியும், வெயில் அடித்தால் வேலை குறையும். எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்குக் கவலைப்பட மட்டும் நன்றாக வரும். ஆனாலும் அந்தக் கத்தியை எடுத்துவிட மனம் வந்ததில்லை. அது என் வீட்டுக்காரரின் அக்காவுடையது. நங்கை என்றுதான் கூப்பிடுவேன்.

மஞ்சூர்ப் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்தில் நானும் நங்கையும் கொழுந்து பறித்தோம். கவ்வாத்து ஆண்களின் வேலை; அதற்குக் கூலி எங்களுடையதைப்போல் இரண்டு பங்கு. கேட்டால் மேஸ்திரி, "அதுக்குக் கைப்பலம் வேணுமம்மா" என்பார். நனைந்த கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து மேடேறுவது எந்தப் பலத்தில் சேர்த்தியோ! ஒரு வருடம் ஆண்கள் பலர் திருப்பூருக்குப் போய்விட, கத்தி எங்கள் கைக்கு வந்தது. கூலி மட்டும் பழையதே. நங்கை கேட்டபோது காரணம் மாறிவிட்டது.

"ஆம்பளை குடும்பத்தைக் காப்பாத்தோணுமல்ல?"

"ஏனுங்க மேஸ்திரி, எங்கூட்டு அடுப்பு காத்துலயா எரியுது?"

புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர் நங்கை. "வேண்டாமுங்க நங்கை, நிறுத்திப் போடுவாங்க" என்று நான் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. மறுநாள் ஒவ்வொரு செடியிலும் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி, மறுபக்கத்தை அப்படியே விட்டார். நானும் அப்படியே வெட்டினேன். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாதி சிரைத்த தலைகளாய்ச் சரிவு முழுக்கச் செடிகள். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மேஸ்திரி ஓடி வந்தார்.

"என்னம்மா கூத்து இது?"

"கூலி எங்க நின்னுச்சோ, கத்தியும் அங்கயே நின்னுருச்சுங்க."

மிச்சத்தை வெட்ட வேறு ஆளில்லை. முதலாளி ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, ஆண் கூலியையே எங்களுக்கும் கொடுக்கச் சொன்னார். அடுத்த கவ்வாத்துக்கு நங்கையை மட்டும் கூப்பிடவில்லை. அதற்காக அவர் கடைசிவரை வருந்தி நான் பார்த்ததில்லை.

இப்போது பறிக்கும் மெஷின் வந்திருக்கிறது. அதைப் பிடிக்கும் ஆண்களுக்கு ஒரு கூலி, பின்னால் கொழுந்துப் பையைச் சுமக்கும் எனக்கு அதைவிடக் குறைந்த கூலி. "மெஷின் கனமுங்க அக்கா" என்கிறார் புது மேஸ்திரி. பை மட்டும் பஞ்சா? பெண்கள் தாங்களாகவே லேசான வேலைக்குப் போகிறார்கள் என்று டிவியில் ஒருவர் விளக்குகிறார். எங்களிடம் யார் மெஷினை நீட்டினார்கள், நாங்கள் வேண்டாமென்று சொல்ல? ஒரு காரணம் தேய்ந்தால் அவர்களிடம் இன்னொன்று தயாராக இருக்கிறது. தேயாதது எங்கள் குறைந்த கூலி ஒன்றுதான்.

நேற்று நானே புது மேஸ்திரியிடம் போய் மெஷின் பிடிக்கிறவர்களின் கூலியைக் கேட்டுவிட்டேன். இரண்டு நாளில் சொல்கிறேன் என்றார். இன்று காலை அந்தக் கத்தியை இறக்கித் துருவைத் தேய்த்தேன். பிறகு அதே இடத்தில், இந்த முறை இறுக்கமாகச் செருகினேன். நாளைய பதில் சரியில்லை என்றால், என் பை பாதி மேட்டிலேயே நிற்கும்.