ஆல்ட்டர் அக்கா அப்டேட்டை அமுக்கிய சனிக்கிழமை

அந்தத் தெருவில் புதுத் துணி தைக்கிற கடைகள் நான்கு இருந்தன. தைத்த துணியைப் பிரித்து ஆல்ட்டர் செய்கிற கடை ஒன்றே ஒன்றுதான். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் இருந்த அந்த அறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். அங்கே மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் ஆல்ட்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தாறு. கழுத்தில் அளவு நாடா, மூக்கு நுனியில் கண்ணாடி, வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. அந்தக் குண்டூசிகளை வைத்துக்கொண்டே பேசுவார், சிரிப்பார், வேண்டுமானால் சண்டையும் போடுவார். இதுவரை ஒன்றைக்கூட விழுங்கியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

பிறந்ததிலிருந்து ஒரு சட்டையைக்கூட அவர் புதிதாகத் தைத்ததில்லை. கேட்டால், "ரெடிமேட்காரன் யாரோ ஒரு ஆளை மனசுல வச்சுத் தைக்கிறான். அந்த ஆள் இன்னிக்கு வரைக்கும் என் கடைக்கு வந்ததே இல்ல. வர்றவங்க எல்லாம் வேற ஆளுங்க" என்பார்.

அப்படி வந்த வேற ஆள்களில் முக்கியமானவர் அவருடைய சொந்த அண்ணி. இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து, அண்ணிக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நடை ஒருவழியாகத் திரும்பியது, பேச்சு மெதுவாகத் திரும்பியது, கை திரும்பவில்லை. ஒரு கூரியர் அலுவலகத்தில் பன்னிரண்டு பேரை ஆட்டிப்படைத்த மனுஷி, சட்டைப் பொத்தான் போட புருஷனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அக்கா அந்தப் பொத்தான்களைப் பிரித்து மேலே சும்மா அழகுக்குத் தைத்துவிட்டு, உள்ளே ஒட்டுப் பட்டை வைத்தார். ஒரு கையால் இழுத்து ஒட்டினால் போதும். இதைப் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் வந்தார்கள், நாலு பேர் நாற்பது பேரானார்கள். எல்லாருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை என்றுதான் அக்கா வலைப்பூ தொடங்கினார். பெயர், 'ஒரு கை பார்ப்போம்'. ஒரு கையால் எப்படி உடுத்துவது என்பதுதான் அதில் எல்லாம்.

பழைய லேப்டாப் ஒன்று வெட்டு மேஜையில் ஏறியது. வலைப்பூவுக்குச் சட்டை மாதிரி, இலவசமாகக் கிடைத்த தீம் ஒன்றைப் போட்டார். அது யாரோ போட்டோ எடுக்கிறவர்களுக்காகச் செய்தது. வெள்ளைத் தளம், சாம்பல் நிறத்தில் நூல் மாதிரி எழுத்து. "அழகாத்தான் இருக்கு. ஆனா யாரு படிக்கிறது?" என்று அக்கா கையை மடித்துவிட்டுக்கொண்டார். முதலில் பிளகின்கள், அதாவது பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் கூடுதல் வசதிகள். சட்டைக்குப் பை வைக்கிற ஆசையில் பதினொன்று போட்டார். அவற்றில் இரண்டு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, ஒருநாள் முழுக்கப் பக்கமே வெள்ளையாகக் கிடந்தது. எட்டைக் கழற்றி எறிந்தார். வாய்விட்டுப் படித்துக் காட்டுகிற பிளகினும், எழுத்தைப் பெரிதாக்குகிற பிளகினும், வாசகர்கள் கடிதம் எழுதுகிற பிளகினும் மிஞ்சின.

அப்புறம் தீம் முழுவதையும் பிரிக்க உட்கார்ந்தார். தீமின் கோப்புகளை நேரே திறக்கிற இடம் ஒன்று இருக்கிறது. திறந்ததும் ஒரு எச்சரிக்கை வரும், இங்கே நேரடியாகக் கை வைக்காதீர்கள் என்று. வேறு யாராக இருந்தாலும் தயங்கியிருப்பார்கள். "கை வைக்காதேன்னு சட்டையில எழுதியிருந்தா நான் கேட்பேனா?" என்று அக்கா சம்மதப் பொத்தானை அமுக்கிவிட்டு உள்ளே போனார். எட்டு மாதம். எழுத்து பெரிதாயிற்று, கறுப்பாயிற்று. முகப்பில் சாக்கட்டியால் தானே வரைந்த ஓர் ஆள் படம் வந்தது. அந்த ஆளின் தோளைத் தொட்டால் சட்டை பற்றிய பதிவுகள் திறக்கும், காலைத் தொட்டால் பேன்ட். முதல்முறை அது திறந்தபோது அக்கா போட்ட கூச்சலில், ஊசி குத்திவிட்டதோ என்று மருந்துக்கடைக்காரர் பஞ்சோடு ஓடி வந்தார்.

ஆனால் யாருக்காக இத்தனையும் செய்தாரோ, அந்த அண்ணி ஒருதடவைகூட அதைத் தானாகத் திறந்ததில்லை. அண்ணன் திறந்து காட்டுவார். அண்ணி பார்ப்பார். "நல்லா இருக்கு" என்பார். அதோடு சரி. நோய் வந்ததிலிருந்து எதைக் கொடுத்தாலும் அண்ணிக்கு நல்லாத்தான் இருந்தது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அண்ணி தன் கையால் தானாக ஒன்றைத் திறந்து படிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் தவித்தார்.

அதற்கு ஒரு நாளும் வந்தது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி கொடுக்கிற பிசியோ மேடம் போன் செய்தார். "அக்கா, சனிக்கிழமை மூணு மணிக்கு ஹால்ல முப்பது பேஷன்ட் வர்றாங்க. உங்க பக்கத்தைப் பெரிய திரையில போடறேன். உங்க அண்ணியும் வரட்டும்."

சனிக்கிழமை காலை பத்து மணி. அக்கா தன் பக்கத்தைக் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மூலையில் சிவப்பாக ஒரு வட்டம், அதற்குள் ஒன்று என்ற எண். தீமுக்கு அப்டேட் வந்திருந்தது. விருந்தாளி வருகிற நாளில் வாசலில் குப்பை கிடக்கலாமா என்று அதை அமுக்கிவிட்டார்.

சக்கரம் சுற்றி நின்றது. திறந்து பார்த்தால் வெள்ளைத் தளம், சாம்பல் நிறத்தில் அதே நூல் எழுத்து. சாக்கட்டி ஆளைக் காணோம். எழுதிய பதிவுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன, எட்டு மாத ஆல்ட்டரேஷன் மட்டும் துடைத்துப் போட்ட மாதிரி போய்விட்டது.

அக்கா வாயிலிருந்து இரண்டு குண்டூசிகளையும் எடுத்து மேஜையில் வைத்தார். பேன்ட்டோடு காத்திருந்தவர் அதைப் பார்த்ததுமே ஏதோ பெரிய விஷயம் என்று புரிந்துகொண்டு, "நான் திங்கக்கிழமை வரேங்க" என்று நழுவினார். அக்கா ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, தீமின் உதவிப் பக்கத்தைத் தேடிப் படித்தார். அப்டேட் செய்தால் தீமின் கோப்புகள் மொத்தமாக மாற்றப்படும், உங்கள் மாற்றங்களைச் சைல்டு தீம் ஒன்று உண்டாக்கி அதில் செய்யுங்கள் என்று போட்டிருந்தது. இரண்டாம் முறை படித்தபோது விளங்கியது. அவர் பிரித்துத் தைத்த சட்டையைக் கம்பெனிக்காரன் வாங்கிக்கொண்டு அதே மாதிரி புதுசு ஒன்று கொடுத்துவிட்டான். சட்டையைத் தொடாமல், ஆல்ட்டரேஷனை எல்லாம் தனித் துணியில் தைத்து மேலே போட்டிருந்தால், கம்பெனிக்காரன் எத்தனை தடவை மாற்றினாலும் கவலையில்லை.

"அட மக்கு!" என்று தன்னையே திட்டிக்கொண்டார். வெட்கமாக இருந்தது, அழுகையாகக்கூட வந்தது, ஆனாலும் கை பரபரத்தது. சைல்டு தீம் தயாராக இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் எந்த எழுத்து என்ன அளவு, எது எங்கே இருந்தது என்று ஒன்றும் சரியாக நினைவில்லை. சட்டென்று போனை எடுத்தார்.

அவர் கணவர் பஸ் கண்டக்டர். டிக்கெட் வாங்குகிறவர்களுக்கெல்லாம் மனைவியின் பக்கத்தைக் காட்டாமல் சில்லறை கொடுக்க மாட்டார்.

"என்னங்க, போன்ல நம்ம பக்கம் திறந்திருக்கா?"

"காலையில டிப்போவுல திறந்தது, அப்படியேதான் இருக்கு. ஏம்மா?"

"அதைத் தொடாதீங்க! கீழ இழுக்காதீங்க! நெட்டை அணைச்சிடுங்க! மூச்சுகூட விடாதீங்க!"

"மூச்சு விடாம எப்படிம்மா டிக்கெட் கிழிக்கிறது?"

பழைய பக்கம் அந்த ஒரு போனில்தான் உயிரோடு இருக்கிறது என்று விளங்கியதும் மனுஷர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்குத் திரையைப் படம் பிடிக்கத் தெரியாது. முன் சீட்டில் இருந்த ஒரு டீச்சரம்மா போனை வாங்கி, குழந்தையைப் பிடிக்கிற பதனத்தோடு பிடித்து, ஏழு படம் எடுத்தார். டிரைவர் அதுவரை பள்ளம் மேடு பார்த்து ஓட்டினார். படங்கள் அக்காவுக்கு வந்து சேர்ந்தபோது பஸ்ஸில் பாதிப் பேருக்கு மூணு மணிக் கூட்டத்தைப் பற்றித் தெரிந்திருந்தது.

அக்கா ஏழு படத்தையும் வரிசையாகப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார். எழுத்தின் உயரத்தைத் திரையில் அளவு நாடா வைத்தே அளந்தார். இதைக் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அளவு சரியாகத்தான் வந்தது. இரண்டேகால் மணிக்குச் சாக்கட்டி ஆள் பழைய இடத்தில் நின்றான். மருந்துக்கடைக்காரர் இந்தத் தடவையும் பஞ்சோடு வந்தார்.

மூன்று மணிக்கு ஹாலில் சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், கூட வந்தவர்கள். திரையில் பக்கம் பெரிதாக விழுந்ததும் கைதட்டல். ஒரு கைதான் வேலை செய்கிறது என்பவர்கள் தொடையில் தட்டினார்கள்.

"இப்ப அவங்கவங்க போன்ல திறந்து பாருங்க" என்றார் பிசியோ மேடம்.

எல்லாரும் குனிந்தார்கள். அக்கா சந்தோஷமாகச் சுற்றிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு முகம் மாறியது. ஒரே கையால் போனைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் கட்டை விரலால்தான் அவர்கள் தொட வேண்டும். மெனுவோ மேலே, வலது ஓரத்தில் இருந்தது. சாக்கட்டி ஆளின் தோளும் உச்சியில். ஒருவர் போனைத் தொடையில் வைத்துக் குத்தினார், போன் வழுக்கி விழுந்தது. இரண்டாம் வரிசையில் அண்ணி இடது கட்டை விரலை நீட்டினார். போன் சாய்ந்தது. மறுபடி நீட்டினார். பிறகு போனை அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் தொட்டுத் திறந்து திருப்பிக் கொடுத்தார்.

அக்கா போய்ப் பக்கத்தில் நின்றார். "அண்ணி, எத்தனை நாளா இது எட்டல?"

"முதல்லேருந்து."

"ஏன் சொல்லல?"

அண்ணி ஒற்றைத் தோளைக் குலுக்கினார். "நீ... கஷ்டப்பட்டு... பண்ணினே."

எட்டு மாதமும் தைத்தாரே தவிர, போட்டுப் பார்க்கச் சொல்லவே இல்லை. ஆல்ட்டர் அக்காவுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, பேன்ட்டின் கால் நுனியை மடிக்க உட்காருவது போல அண்ணியின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மெனுவை மேலிருந்து பிரித்துக் கீழே இடது ஓரத்தில் வைத்தார்.

"இப்ப தொடுங்க."

"இன்னும்... கீழ."

"இப்ப?"

"எனக்கு வலது கைதாங்க வேலை செய்யும், இடது பக்கம் வச்சா நான் எங்க போறது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அதுவும் நியாயம்தானே! அக்கா மெனுவை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பட்டி மாதிரி நீட்டிவிட்டார். சாக்கட்டி ஆளைக் கீழே இறக்கினார். "எனக்கு எட்டுது!" என்று ஒரு குரல். "பட்டியை இன்னும் அகலமா வைங்க, என் விரல் நடுங்குது" என்று இன்னொன்று. ஹால் முழுக்க ஒரே அமளி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முப்பது பேர் புதிதாகத் திறந்து பார்த்து முப்பது குறை சொன்னார்கள். அக்கா இத்தனை சந்தோஷமாக வாழ்க்கையில் வேலை செய்ததே இல்லை.

ஏழாவது தடவை அண்ணியின் கட்டை விரல் நகர்ந்தது, பட்டியைத் தொட்டது, பக்கம் திறந்தது. அண்ணன் உதவிக்குக் கை நீட்டினார். அண்ணி போனை அவருக்கு எட்டாமல் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிசியோ மேடம் திரையை அணைத்துவிட்டு எல்லாருக்கும் தேநீர் கொடுத்து முடிக்கிற வரைக்கும் அண்ணி தலை நிமிரவில்லை.

அக்காவின் லேப்டாப்பில் மணியோசை கேட்டது. ஒரு கருத்து அனுமதிக்காகக் காத்திருந்தது. பேன்ட் பற்றிய பதிவின் கீழே, எழுத்து எழுத்தாக அடித்தது:

'நீ பிரித்துத் தைத்த பேன்ட் இடுப்பில் இறுக்குகிறது. உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது. எல்லா பேன்ட்டும்.'

அக்கா இரண்டு விரலை அண்ணியின் இடுப்புப் பட்டிக்குள் நுழைக்கப் பார்த்தார். ஒரு விரல்கூட நுழையவில்லை.

"ஐயோ அண்ணி!" அக்கா சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். அனுமதிப் பொத்தானை அமுக்கினார். "வேற என்ன குறை? எல்லாத்தையும் சொல்லுங்க!"

அண்ணி கொஞ்சம் பொறு என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி போனுக்குக் குனிந்து, கட்டை விரலால் அடுத்ததை அடிக்க ஆரம்பித்தார்.