பச்சை டிக் வாங்கிய தொண்ணூறு

போன புதன்கிழமை ஒருவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான்... நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அடுத்தவர்களைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறேன். இந்த வாரம் என் முறை.

ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரி ஆபீஸில் டைப் அடிக்கிறவள் நான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிளஸ் டூ, டைப்ரைட்டிங் ஹையர். அதற்கு மேல் இல்லை. டெக்னீஷியன் கையால் எழுதித் தரும் ரெசிபியை — ஆமாம், தோலுக்கும் ரெசிபி உண்டு — கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. எந்தக் கெமிக்கல், எத்தனை சதவீதம், டிரம் எத்தனை நிமிஷம் சுற்ற வேண்டும்... டிரம் என்றால் ஓர் அறை அளவுக்கு மரப்பீப்பாய். அதற்குள் சுற்றிச் சுற்றித்தான் தோல் சாயம் குடிக்கும்.

இந்த வருஷம் புது சாஃப்ட்வேர் வந்தது. எல்லா ரெசிபியும் எக்ஸ்எம்எல் என்ற அமைப்பில் இருக்க வேண்டுமாம். ஒவ்வொரு வரிக்கும் சில ஆட்ரிபியூட்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டேட்டா டைப். பயப்படாதீர்கள், விஷயம் இவ்வளவுதான்: நிமிஷம் என்ற கட்டத்தில் முழு எண் மட்டுமே போடலாம். தேதிக் கட்டத்தில் தேதி மட்டும். வேறு எதையாவது போட்டால் சிவப்புக் கோடு. ஒழுங்காகப் போட்டால் பச்சை டிக். எல்லாம் பச்சையானால்தான் ஷீட் பிரிண்ட் ஆகி டிரம்முக்குப் போகும்.

எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. நாலு பேர் முன்னால் கூப்பிட்டு யாரும் தப்பு சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். கோடே சொல்லிவிடும்.

போன வாரம் டெக்னீஷியன் கையால் எழுதித் தந்த சீட்டில், சாயத்தைத் தோலில் பிடிக்க வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டுக்கு எதிரே நேரம் 3x10+60 என்று இருந்தது. டேனரியில் எல்லோருக்கும் புரிகிற எழுத்து. ஆசிட்டை மூன்று பங்காகப் பிரி, பத்து நிமிஷத்துக்கு ஒரு பங்கு ஊற்று, அப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டு. மொத்தமாகக் கொட்டினால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியே அடித்தேன். சிவப்பு. இடைவெளி விட்டு அடித்தேன். சிவப்பு. பெருக்கல் குறிக்குப் பதில் ஸ்டார் போட்டேன். சிவப்பு.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நம்பரை என் மேஜையிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் சென்னையில் போனை எடுக்கிறவர்கள் இங்கிலீஷில் ஆரம்பிப்பார்களே... எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போடவில்லை. கூட்டிப் பார்த்தேன். மூன்று பத்து முப்பது, அறுபதோடு சேர்த்தால் தொண்ணூறு. 90 என்று அடித்தேன்.

பச்சை.

கூட்டலில் தப்பு உண்டா? கிடையாது. அந்த எழுத்துக்கு அர்த்தம் தெரியாதவளா நான்? அதுவும் கிடையாது. சிவப்பு போனால் போதும் என்று இருந்தேன்.

சாய டிரம்மைப் பார்த்துக்கொள்பவர் ஷபீர் பாய். மேல்விஷாரத்துக்காரர். அவருக்கு ஷீட்டே தேவையில்லை. ஆனால் ஆடிட் வருகிறது என்று போன மாதம் ஒரு உத்தரவு — ஷீட்டில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும், சொந்த யோசனை கூடாது. ஒருமுறை மீறி, மேனேஜரிடம் பேச்சும் வாங்கியிருந்தார்.

அதனால்தான் ஷீட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். பூட்ஸ் ஈரம் என்று வாசலிலேயே நின்றார்.

"இன்னாம்மா, ஆசிட்டு ஒரே வாட்டியா? எப்பவும் மூணு வாட்டிதானே ஊத்துவோம்?"

டெக்னீஷியன் எழுதிய சீட்டு என் டிராயரில் இருந்தது. கையை நீட்டினால் போதும். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன்.

"சிஸ்டம் ஓகேன்னுதான் காட்டுது பாய்."

தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று வெளியே வந்த தோல் முழுக்கத் திட்டு. கருப்பா, பழுப்பா என்று அதற்கே தெரியவில்லை. புதன்கிழமை விசாரணை. டெக்னீஷியன் ஊருக்குப் போயிருந்தார். மேனேஜர், ஷபீர் பாய், ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான். மேனேஜர் வரி வரியாகப் படித்தார். எல்லாம் பச்சை.

"ஷீட்டு கரெக்டா இருக்கு. ஒரே வாட்டி ஊத்துன்னு இதுல எங்கய்யா போட்டிருக்கு? இத்தினி வருஷமா டிரம்முல நிக்கறே, இதுகூடத் தெரியாதா?"

யோசிக்காதே என்றவரும் இவர்தான். ஏன் யோசிக்கவில்லை என்பவரும் இவர்தான். திங்கள்கிழமையிலிருந்து டிரம்மை விட்டுவிட்டு ஈரத்தோல் சுமக்கப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஐம்பத்தைந்து வயசு மனிதர்.

அப்போதுதான் ஷபீர் பாய் என்னைப் பார்த்தார். 'இந்தம்மாவைக் கேட்டுட்டுத்தான் ஊத்துனேன்' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாரோ என்னவோ. நான் ஷீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை சீட்டோடு மேனேஜர் ரூமுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டை இரண்டு முறை படித்தார்.

"நேத்து இங்கதானே நின்னீங்க? ஏன் சொல்லல?"

அவரே கீழே இறங்கிப் போய் ஷபீர் பாயிடம் டிரம்மிலேயே இருக்கச் சொன்னார்.

நானும் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். பாய் பக்கெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இனிமே நான் எதுனா கேட்டா, நீ பார்த்தியா, மிஷின் பார்த்துச்சான்னு சொல்லிடு. மிஷின்தான் பார்த்துச்சுன்னா இன்னொரு வாட்டி கேட்டுக்கறேன்."

திரும்பி வந்து சென்னைக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் நல்ல தமிழில் பேசினாள். அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறியும் கூட்டல் குறியும் வரலாம் என்று மாற்றிக் கொடுத்தாள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. 'இதுக்கா மேடம் இவ்ளோ கஷ்டப்பட்டீங்க?' என்று சிரித்தாள்.

சாஃப்ட்வேரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எண் கேட்ட இடத்தில் எண் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். அந்த எண் நிஜமா என்று பார்க்கத்தானே என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்?

கடைசியாக, நடந்ததை எழுதித் தர ஒரு ஃபார்ம். அதுவும் அதே சாஃப்ட்வேரில். 'தவறை உடனே தெரிவிக்காததற்குக் காரணம் என்ன?' என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் சிவப்பு. 'கவனக்குறைவு' என்று அடித்தேன். உடனே பச்சை விழுந்தது.

கவனக்குறைவா? கவனமாகத்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.