மூன்று வாய் படித்தால்தான் கையெழுத்து

மாரியாயி காகிதத்தை நம்பமாட்டாள். காகிதம் நீட்டுகிற கையை அதைவிட நம்பமாட்டாள். பெரகலச் சந்திக்குக் கீழே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளில், மேல் லயத்து மாரியாயி என்றால் சட்டென்று பிடிபடாதவர்களுக்கும், 'மூணு பேருகிட்ட படிக்கக் குடுப்பாங்களே, அவுங்க' என்றால் ஆள் விளங்கிவிடும்.

தொழிற்சங்கத்துப் படிவமோ, கிராம சேவகர் அனுப்பியதோ, எது வந்தாலும் அவள் வழக்கம் ஒன்றுதான். முதலில் பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் காட்டுவாள். பிறகு பள்ளிக்கூடத்து வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சந்திக்குப் போகும்போது அங்கே சாமான்கடை வைத்திருக்கும் இப்றாஹீம். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லமாட்டாள். மூன்று வாயிலிருந்தும் ஒரே சேதி வந்தால்தான் கையெழுத்து. தண்ணீர்க் குழாய்க்கான படிவம் இப்படி மூன்று வாரம் அவள் கொழுந்துக் கூடைக்குள் கிடந்து, லயமே காத்திருந்தது. கங்காணி வீரய்யா, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"ஒங்க கையெழுத்துக்கு மந்திரியே வந்தாலும் வரிசையிலதான் நிக்கணும் போல?"

"நிக்கட்டுமே. நின்னா காலு தேஞ்சிராது" என்றாள் மாரியாயி.

சிரித்தவர்களில் ஒருவருக்கும் காரணம் தெரியாது. அவளும் அவள் புருஷன் இராமையாவும் மட்டுமே அறிந்த காரியம் அது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது பிரசவத்துக்கு அவளைத் தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இராமையாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கட்டிலில் தனியாகக் கிடந்து வலி தாங்காமல் கத்தினபோது தாதி ஒருத்தி தொடையில் ஓங்கி அறைந்து சிங்களத்தில் ஏதோ சொன்னாள். பாதிதான் விளங்கியது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. மறுநாள் ஒரு படிவம் வந்தது. வயிற்றைச் சுத்தம் பண்ண வேண்டும் என்றார்கள். நாலாம் வகுப்பு வரை படித்தவள் அவள். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு நடுவே தன் பெயரை எழுதத் தெரிந்தவள் என்ற பெருமையோடு, உருண்டை உருண்டையாக எழுதிக் கொடுத்தாள். தொப்புளுக்குக் கீழே போட்ட தையலையும் பிரசவத்தோடு சேர்ந்தது என்றே நினைத்தாள்.

பிறந்த ஆண்பிள்ளை பதினோராவது மாதம் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாகியும் கரு நிற்கவில்லை. கிளினிக்கில் காட்டினபோது டாக்டர் அந்தத் தழும்பில் விரலை வைத்து, கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவளுக்குப் பிள்ளை எப்படி வரும் என்று கேட்டார். இராமையாவிடம் சொன்னாள். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த மூன்று வாய்ப் பழக்கம்.

மிஞ்சியது மூத்தவள் கலாராணி மட்டும். அவளுக்குப் போன வைகாசியில் தலைப்பிரசவம். மருமகன் கிருஷ்ணராஜ் கொழும்பில் ஹோட்டல் வேலை, வாரக்கடைசியில்தான் லீவு. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் கூடவே நிற்கலாம் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். கேட்ட நிமிஷத்திலிருந்து மாரியாயிக்கு உறுத்தல். அந்தக் காலத்தில் கட்டினவனையே வாசலில் நிறுத்தினவர்கள், இப்போது வா வா என்று கூப்பிட்டால் உள்ளே என்னமோ இருக்கிறது. காலையில் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்: எந்தப் பேப்பரை நீட்டினாலும் கை வலிக்கிறது என்று சொல்லிவிடு.

ஆனால் பேப்பர் மாரியாயியிடமே வந்தது. சிவரூபி என்ற யாழ்ப்பாணத்துத் தாதி, தமிழ்ப் படிவம் தீர்ந்துவிட்டதென்று சிங்களப் படிவத்தை நீட்டினாள். இதில் ஒப்பம் வைத்தால் மகளோடு நிற்கலாம் என்றாள். நல்ல தெளிவான தமிழ். அதுதான் மாரியாயிக்கு இன்னும் பயமாக இருந்தது. தமிழ் தெரியாதவர்களே அப்படி ஏமாற்றினார்கள் என்றால், தெரிந்தவளுக்கு எவ்வளவு சுலபம்.

படிவத்தோடு வெளியே வந்து வாய் தேடினாள். மருமகளுக்காகக் காத்திருந்த ஸைனப் என்ற அம்மா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, துணைக்கு நிற்கத்தான் என்றாள். கேன்டீனில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மபாஸும் அதையே சொன்னான். மூன்றாவதாக வாசல் காவலாளி. அவன் நாலாவது வரியில் விரலை வைத்து, ஆஸ்பத்திரி சொல்கிறதுக்கெல்லாம் ஒத்துக்கொள்கிறேன் என்று போட்டிருக்கிறது என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை. வெளியே போகச் சொன்னால் போக வேண்டும், சொல்கிறபடி நடக்க வேண்டும் என்ற வரி அது. மாரியாயிக்கு 'ஒத்துக்கொள்கிறேன்' மட்டும்தான் காதில் நின்றது.

இரண்டு வாய் ஒரு பக்கம், ஒரு வாய் இன்னொரு பக்கம். அவள் சட்டப்படி கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் கலாராணி "அம்மா" என்று கூப்பிடுவது கேட்டது. அந்தக் கட்டிலில் தனியாகக் கிடந்து கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேரே சிவரூபியிடம் போனாள்.

"மிஸ், என்னைய ஒரு தடவ இப்பிடித்தான் கையெழுத்து வாங்கி வயித்த அடைச்சிட்டாங்க. எம் மகளுக்கு அது நடக்க விடமாட்டேன்."

இப்போதெல்லாம் அப்படி இல்லை அம்மா என்று அவள் சொல்லியிருந்தால், மாரியாயி அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாள். சிவரூபி அப்படிச் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தமிழில் மூன்று வரி எழுதினாள். கலாராணியிடம் விளக்கிச் சொல்லாமல், அவள் சம்மதம் இல்லாமல், அவள் உடம்பில் எந்த ஆபரேஷனும் செய்யமாட்டோம் என்று எழுதி, கீழே பெயரும் நேரமும் போட்டாள்.

"நான் முதல்ல வைச்சிட்டன். இது உங்களோடயே இருக்கட்டும். இனி நீங்கள் வையுங்கோ, அம்மா."

எழுத்துக்கூட்டிப் படித்தாள் மாரியாயி. தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகுதான் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். உருண்டை எழுத்து இப்போது வரவில்லை.

உள்ளே போயும் அவள் சும்மா நிற்கவில்லை. இது என்ன ஊசி, அது எதற்கு, அந்தத் தட்டில் என்ன மூடியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. ஒரு தாதிக்கு அலுத்துப்போனது முகத்தில் தெரிந்தது, ஆனாலும் சொன்னாள். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். கலாராணியை நடக்க விட்டார்கள். மத்தியானம் வலி முற்றி அவள் அலறினபோது, மாரியாயியின் உள்ளங்கை தானாகப் போய் மகளின் தொடையை மூடிக்கொண்டது. யாரும் அறையவில்லை. ஒன்றே முக்காலுக்குப் பெண்பிள்ளை பிறக்கும் வரை அந்தக் கையை அவள் எடுக்கவும் இல்லை.

மறுநாள் காலை ஒரு டாக்டர் அம்மா வந்து, அடுத்த பிள்ளையைக் கொஞ்சம் தள்ளிப்போட விருப்பமா என்று கேட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தார். இது தமிழில் இருந்தது. மாரியாயி எழுந்தேவிட்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் வேணாங்க."

"அம்மா, கேட்டது என்னைய" என்றாள் கலாராணி.

தாயைப் பிடித்து உட்காரவைத்து, பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். முழுக்கப் படித்தாள். கைத் தோலுக்கடியில் வைக்கிற கருத்தடைக் குச்சியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாமா, பால் குறையுமா என்று இரண்டு கேள்வி கேட்டாள். யோசித்துக் கிளினிக்கில் சொல்வதாகச் சொல்லி மடித்து வைத்துக்கொண்டாள். டாக்டர் சரி என்று போய்விட்டார். மாரியாயி அவர் போன திசையையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இவளையும் மயக்கிவிட்டார்களோ என்று ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டாள். மடியில் பிள்ளை இருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை.

அடுத்த நாள் ஆட்டோ பெரகலச் சந்திக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னாள். இப்றாஹீமிடம் காட்ட அந்தக் காகிதத்தைக் கேட்டாள்.

"இது எம் பேப்பரு. நான் படிச்சிட்டேன்" என்றாள் மகள்.

மாரியாயி இறங்கிப் போய், ரவிக்கைக்குள்ளிருந்த தாளை எடுத்து இப்றாஹீமிடம் நீட்டினாள். அவர் படித்துச் சொன்னார். அவள் படித்ததும் அதுவேதான்.

"இது நடந்து முடிஞ்ச காரியம்தானே மாரியாயி, இப்ப எதுக்கு?"

"முடிஞ்சது சரியா முடிஞ்சிச்சான்னு பாக்க வேணாமா?"

தாளை வாங்கி மறுபடி மடித்தாள். அவளோடு சேர்த்து இரண்டு வாய் ஆகிவிட்டது. பெரட்டுக்குப் போகிற வழியில் நாளைக்குப் பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் காட்டவேண்டியதுதான் பாக்கி.