நான் எழுதிய கேள்வியும் சேர்மன் அண்ணாச்சியும்

டெல்லியில் எங்கள் மத்திய அரசு ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. மேசைக்கு வரும் எந்த ஃபைலிலும் ஒரு கேள்வியாவது எழுத வேண்டும். எழுதாவிட்டால் படிக்காமல் தள்ளிவிட்டான் என்று செக்‌ஷன் ஆபீசர் நினைப்பார். எழுபதுகளின் தொடக்கத்தில், தெற்கே ஒரு சின்ன நகராட்சியின் பாதாளச் சாக்கடைத் திட்டம் என்னிடம் வந்தது. வரைபடம், குழாய்க் கணக்கு எல்லாம் கச்சிதம். டீயைக் குடித்தபடி யோசித்து, ‘நகர்மன்றத் தீர்மானம் ஏன் இணைக்கப்படவில்லை?’ என்று எழுதினேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த நகராட்சியின் சேர்மன், லக்ஷ்மிபாய் நகரில் என் குவார்ட்டர்ஸ் வாசலில் பெட்டியோடு நின்றார். ஒரே ஜில்லாக்காரர், யாரோ என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

“எவனோ ஒரு கிறுக்கன் கேள்வி கேட்டிருக்கான், தம்பி. தீர்மானம் எங்கன்னு! எங்க கவுன்சிலருல பாதிப் பேரு, டெல்லி சரின்னாத்தான் கையத் தூக்குவோம்னு உக்காந்திருக்கான். டெல்லிக்காரன், முதல்ல அவனுவ தூக்கட்டும்ங்கான். நான் எங்க போக?”

“கிறுக்கன்தான், அண்ணாச்சி” என்றேன். வேறு என்ன சொல்ல?

“ஐப்பசி மழைக்குள்ள உத்தரவு வாங்கி வேலைய ஆரம்பிக்கலேன்னா பள்ளத்தெரு வீடெல்லாம் மறுபடியும் சாக்கடைதான். போன வருசம் வாந்திபேதியில ரெண்டு புள்ளைங்க போயிருச்சு. வெறுங்கையோட அந்தத் தெருவுல நான் எப்படிக் கால வைப்பேன்? வாங்காமப் போகமாட்டேன்.”

போகவில்லை. ஒன்றரை அறை வீட்டில் அந்த அரை அறை அவருக்கு. கக்கூஸ் சங்கிலியை இழுத்து, தண்ணீர் போவதைத் தினமும் ஒரு ஆய்வாளர் மாதிரி நின்று பார்ப்பார். நான் வெளியே டவலோடு நெளிவேன். என் மனைவிக்கு உண்மை தெரியும். அடுக்களையில் குரலைத் தாழ்த்தி, “கேள்வி உங்களோடது. தோசை மட்டும் நான் ஏங்க சுடணும்?” என்றாள்.

காலையில் என்னோடு அதே பஸ்ஸில் ஆபீசுக்கு வருவார். மத்தியானம் என் டிபன் பாக்ஸில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுக் கேட்பார்: “அந்தக் கிறுக்கனப் பாத்தீங்களா, தம்பி?”

“லீவுல இருக்கான், அண்ணாச்சி.”

மூன்றாவது வாரம் அவர் முகம் இளகிவிட்டது. “இம்புட்டு நாளா லீவு? பாவம், என்ன சீக்கோ. ரெண்டு ஆப்பிள் வாங்கிட்டு ஒரு எட்டு பாத்துட்டு வருவமா?”

அன்றே செக்‌ஷன் ஆபீசரிடம் போனேன். முதலில் ஒப்புதல் கொடுத்துவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

“அரே பாயி, நாலு பேர் கையெழுத்துப் போட்ட கேள்வி” என்றார் இந்தியில். “வாபஸ் வாங்கணும்னா, என் தப்புன்னு நீயே எழுதிக் குடு.”

என் பிரமோஷன் அந்த நாலு பேர் கையில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் யாரும் ஃபைலில் ‘என் தவறு’ என்று எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எழுதினேன், முடிந்தவரை சின்ன எழுத்தில்.

சாயங்காலம் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். “லீவுல யாரும் இல்ல, அண்ணாச்சி. அந்தக் கிறுக்கன் நான்தான். இன்னைக்கு மாத்தி எழுதிட்டேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“எத்தன நாளாகும்?”

“நாலு மேசை தாண்டணும். பதினஞ்சு நாள்.”

“பதினஞ்சு நாளும் இங்கதான் இருப்பேன். வேற எவனும் கேள்வி எழுதாமப் பாத்துக்கிடுங்க, சார்.”

மூன்று வாரமாகத் தம்பி என்று கூப்பிட்டவர். மறுநாள் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அவர் ஆபீஸ் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.